எஸ்.ஏ.ரி. எத்தனை எடுத்தால் கிடைக்கும்? கொழும்பிலிருந்து அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்போருக்கான வழிகாட்டி

எஸ்.ஏ.ரி. என்பது அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்காக எழுதும் பொதுப் பரீட்சை. அதில் எத்தனை எடுத்தால் கிடைக்கும் என்ற கேள்வியே உயர்தர இசட் புள்ளிப் பழக்கத்தில் வருவது. இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாவட்ட வாரியாக நான்கு தசமதானத்துக்கு வெட்டுப்புள்ளி வெளியிடும். அதைத் தொட்டால் உள்ளே, கடைசித் தானத்தில் ஒன்று குறைந்தாலும் வெளியே. ஹார்வர்ட், எம்.ஐ.ரி., டார்ட்மவுத் போன்ற இடங்களில் அப்படி ஒரு கோடு இல்லை. 1600க்கு 1600 எடுத்தவர்களையும் அவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள், 1480 எடுத்த சிலரைச் சேர்க்கவும் செய்கிறார்கள். ஆகவே "1500 எடுத்தால் நிச்சயம்" என்று வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ யாராவது ஏஜன்சிக்காரர் சொன்னால் காசைக் கட்டாமல் எழுந்து வந்துவிடலாம்.

கோடு இல்லை என்பதற்காகப் புள்ளி முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு அது அமெரிக்கப் பிள்ளையைவிடக் கூடுதலாகவே தேவைப்படுகிறது. விண்ணப்பம் முடியும் ஜனவரியில் அந்தப் பிள்ளையின் கோப்பில் என்ன இருக்கும் என்று பாருங்கள். சாதாரண தரப் பெறுபேறு இருக்கும். ஆனால் அதில் தரம் மட்டுமே உண்டு, புள்ளி இல்லை. கொழும்பின் பெரிய பாடசாலைகளில் ஒன்பது ஏ எடுத்தவர்கள் நிறையப் பேர், அதனால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துப் பார்க்க அது உதவாது. உயர்தரப் பரீட்சை அண்மைய ஆண்டுகளில் நவம்பரை ஒட்டி நடந்து, பெறுபேறு அடுத்த ஆண்டு ஏப்ரல் வாக்கில்தான் வருகிறது. ஆக மிஞ்சுவது தவணைப் பரீட்சை அறிக்கைகள். உங்கள் பாடசாலையில் 72 என்பது நல்ல புள்ளியா, சாதாரணமா என்று அமெரிக்காவில் கோப்பை வாசிப்பவருக்குத் தெரிய வழியில்லை. வெளியார் ஒருவர் திருத்திய, எல்லா நாட்டுக்கும் பொதுவான, முடிந்துபோன ஒரே எண் எஸ்.ஏ.ரி.தான்.

ஒப்பர்சூனிற்றி இன்சைட்ஸ் என்ற ஆய்வுக் குழு 2024இல் வெளியிட்ட கணக்கு, பல்கலைக்கழகங்கள் ஏன் இந்தப் பரீட்சைக்குத் திரும்பின என்பதைக் காட்டுகிறது. மிகத் தெரிவான பல்கலைக்கழகங்களில் 1600 எடுத்து நுழைந்தவர்களின் முதலாண்டுச் சராசரி, 1200 எடுத்தவர்களினதைவிட 4க்கு 0.43 கூடுதலாக இருந்தது. பாடசாலைப் புள்ளி காட்டிய வித்தியாசம் இதில் சிறு பகுதிதான். "இந்தப் பிள்ளை எங்கள் முதலாண்டைத் தாக்குப்பிடிக்குமா?" என்ற கேள்விக்கான பதிலாகவே புள்ளியை வாசிக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்று விழுந்தபின் 1540க்கும் 1580க்கும் இடையில் பெரிதாக எதுவும் இல்லை. அங்கிருந்து கட்டுரைகளும் ஆசிரியர் கடிதங்களும் வகுப்புக்கு வெளியே செய்ததும்தான் பேசும்.

முதலில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

2020இல் கொவிட் வந்ததும் கிட்டத்தட்ட எல்லோரும் புள்ளியை விருப்பத்துக்கு விட்டார்கள். இப்போது நிலைமை அப்படி இல்லை. எம்.ஐ.ரி. 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கல்டெக் அதே வழியில் திரும்பின. ஸ்டான்ஃபோர்டும் கோர்னெலும் 2026இல் நுழைவோரிலிருந்து கேட்கின்றன. யேல் 2024இல் அறிவித்தது சற்று வேறு: எஸ்.ஏ.ரி., அதைப் போன்ற இன்னொரு பரீட்சையான ஏ.சி.ரி., அமெரிக்கப் பாடவாரிப் பரீட்சைகளான ஏ.பி., சர்வதேச டிப்ளோமாவான ஐ.பி. ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். கொலம்பியா விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகங்கள், அதாவது பேர்க்லி, யு.சி.எல்.ஏ. முதலியவை, அனுமதிக்குப் புள்ளியைப் பார்ப்பதே இல்லை. 1600 எடுத்தாலும் அங்கே அது வெறும் கடதாசி.

கட்டாயம் என்று எழுதியிருக்கும் இடத்திலும் அடிக்குறிப்பை வாசியுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே படிப்பவர்கள் எஸ்.ஏ.ரி.க்குப் பதிலாக ஐ.பி., பிரித்தானிய ஏ லெவல் அல்லது அதற்கு ஈடான தேசியப் பரீட்சையின் பெறுபேற்றை, எதிர்பார்க்கப்படும் பெறுபேறாக இருந்தாலும், காட்டலாம் என்று டார்ட்மவுத் அறிவித்தது. ஹார்வர்ட் இப்படியான மாற்றுகளை ஏற்பது, எஸ்.ஏ.ரி. எழுதவே வாய்ப்பில்லாதவர்களுக்கு மட்டும். கொழும்பில் இருந்துகொண்டு வாய்ப்பில்லை என்று சொல்வது கடினம். கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற பிரித்தானியப் பரீட்சைகளை எழுதும் பிள்ளைகளுக்கு டார்ட்மவுத் சலுகை நேரடியாகப் பயன்படும், ஏனெனில் சர்வதேசப் பாடசாலைகள் எதிர்பார்க்கப்படும் பெறுபேற்றைக் கொடுத்துப் பழகியவை. அரச, அரச உதவி பெறும் பாடசாலைகளில் அந்த வழக்கம் இல்லை. கேட்டால் "அப்படி ஒரு கடிதம் நாங்கள் கொடுப்பதில்லை" என்றே பெரும்பாலும் பதில் வரும்.

கொள்கைகள் வருடா வருடம் மாறும். நீங்கள் நுழையப்போகும் ஆண்டுக்கான பக்கத்தை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பாருங்கள், போன வருடம் அண்ணா அக்கா சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வீச்சை எப்படி வாசிப்பது

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் "கொமன் டேட்டா செட்" என்ற ஆவணத்தை வெளியிடும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு அதைச் சேர்த்துத் தேடினால் பி.டி.எஃப். கிடைக்கும். அதில் சி-9 என்ற பகுதிக்குப் போங்கள். சேர்ந்த மாணவர்களின் எஸ்.ஏ.ரி. புள்ளியில் முதலாம் காலணை, இடையம், மூன்றாம் காலணை அங்கே இருக்கும். சாதாரண தரக் கணிதத்தில் படித்த அதே காலணைகள்தான். ஒரு கல்லூரி 1440, 1510, 1550 என்று போட்டிருக்கிறது என்று வைப்போம். சேர்ந்து புள்ளி கொடுத்தவர்களில் கால்வாசிப் பேர் 1440க்குக் கீழ், கால்வாசிப் பேர் 1550க்கு மேல்.

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 1440ஐ வெட்டுப்புள்ளியாக எடுத்துக்கொண்டு "எனக்கு 1450, தப்பிவிட்டேன்" என்று நினைக்கிறார்கள். அந்தக் கீழ்க் கால்வாசியில் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். கல்லூரி அணிக்காகச் சேர்க்கப்பட்ட விளையாட்டு வீரர்கள், பெற்றோர் அங்கேயே படித்தவர்கள், அமெரிக்காவின் வசதி குறைந்த பகுதிகளிலிருந்து வந்தவர்கள் போன்றோர் அங்கே கூடுதலாக இருப்பார்கள். உதவிப்பணம் கேட்டு வரும் வெளிநாட்டு மாணவருக்கு உண்மையான தரை அதைவிட மேலே, இடையத்தை ஒட்டி இருக்கிறது என்று வைத்துத் திட்டமிடுவதே புத்தி.

எதிர்ப்பக்கத் திருத்தமும் ஒன்று உண்டு. புள்ளி விருப்பத்துக்கு விடப்பட்ட கல்லூரிகளில் நல்ல புள்ளிக்காரர்கள் மட்டுமே அனுப்புவதால் வீச்சு ஊதிப்போயிருக்கும். அதே சி-9இல் எத்தனை வீதத்தினர் புள்ளி கொடுத்தார்கள் என்றும் இருக்கும். அது 40 வீதம் என்றால் மீதி 60 வீதத்தினரின் புள்ளி அந்த வீச்சுக்குள் வரவே இல்லை.

மூன்றாவது, மொத்தத்தோடு நிற்காமல் இரண்டு பகுதிகளையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். நம்மவரில் அடிக்கடி காணும் வடிவம்: கணிதம் 780, வாசிப்பும் எழுத்தும் 640, மொத்தம் 1420. பொறியியலுக்கு எம்.ஐ.ரி. கேட்பவர்களுக்குக் கணிதத்தில் முதலாம் காலணையே 780 அளவில் நிற்கிறது. ஆகவே 780 என்பது அங்கே ஒரு சாதனை அல்ல, எல்லோரிடமும் இருப்பது. 640தான் கண்ணில் குத்தும். கணிதத்தை 800 ஆக்க ரியூசன் போடுவதைவிட 640ஐ 700க்கு ஏற்றுவதில்தான் பயன்.

உதவிப்பணம் கேட்டால் கணக்கு வேறு

உதவிப்பணம் கேட்பது வெளிநாட்டு மாணவரின் அனுமதியைப் பாதிக்காத இடங்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., அம்ஹேர்ஸ்ட், டார்ட்மவுத், போடன் போன்றவற்றோடு 2025இல் நுழைந்த அணியிலிருந்து பிரவுனும் சேர்ந்தது. இவற்றில் எம்.ஐ.ரி. வருடத்துக்கு எடுக்கும் வெளிநாட்டு மாணவர், உலகம் முழுவதற்கும் சேர்த்து, 150க்கும் குறைவு. ஸ்டான்ஃபோர்ட் உட்பட மற்றப் பெரும்பாலான இடங்களில் எவ்வளவு பணம் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அங்கே ஒரே கோப்பு, முழுக் கட்டணம் கட்டுபவருக்கு இடையப் புள்ளியோடு வெல்லும். முழு உதவி கேட்பவருக்கு மூன்றாம் காலணைக்கு மேலிருந்தும் தோற்கும். இதை நியாயமா என்று கேட்டுப் பயனில்லை, பட்டியல் போடும்போது மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளி உண்மையிலேயே வெட்டுப்புள்ளி மாதிரி வேலைசெய்யும் இடமும் இருக்கிறது. சில அரசப் பல்கலைக்கழகங்கள் பாடசாலைச் சராசரி இவ்வளவு, எஸ்.ஏ.ரி. இவ்வளவு என்றால் புலமைப்பரிசில் இவ்வளவு டொலர் என்று அட்டவணையே போடுகின்றன. அங்கே 1390க்கும் 1400க்கும் இடையிலான பத்துப் புள்ளி, நான்கு வருடத்துக்குப் பல ஆயிரம் டொலர். அட்டவணை வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்துமா என்பதை மட்டும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

பரீட்சையில் புள்ளி எங்கே போகிறது

2023 மார்ச்சிலிருந்து வெளிநாடுகளில் எஸ்.ஏ.ரி. கணினியில் மட்டும்தான். மொத்தம் 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம். வாசிப்பும் எழுத்தும் 27 கேள்விகள் வீதம் இரண்டு தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 32 நிமிடம். பத்து நிமிட இடைவேளைக்குப் பின் கணிதம், 22 கேள்விகள் வீதம் இரண்டு தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது.

இரண்டாம் தொகுதியின் கடினம், முதல் தொகுதியில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் தொகுதியில் சறுக்கினால் இலகுவான இரண்டாம் தொகுதி வரும். அதில் எல்லாம் சரியாக எழுதினாலும் உச்சப் புள்ளிக்கு வழி அடைபட்டுவிடும். எனவே அவசரப்படக் கூடாத இடம் முதல் தொகுதி. தெரிந்த கேள்வியைக் கவனக்குறைவால் விடுவது அங்கே இரட்டை நட்டம்.

இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைக்குக் கணிதப் பகுதியில் உள்ளடக்கம் பிரச்சினையே இல்லை. மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் அட்சரகணிதம், அதே அளவு சார்புகள் போன்ற மேல்நிலை, மீதி தரவும் கேத்திரகணிதமும். புள்ளி போவது வேறு விதமாக. சமன்பாட்டைத் தீர்த்து மாறியைக் கண்டதும் விடையைத் தட்டிவிடுவார்கள். கேள்வி கேட்டதோ அந்த மாறியின் இரு மடங்கை. தட்டியது நான்கு தெரிவுகளில் ஒன்றாக அங்கே இருக்கும் என்பதால் சந்தேகமும் வராது. தீர்த்து முடித்ததும் கேள்வியின் கடைசி வரியை மறுபடி வாசிப்பதைப் பழக்கமாக்க வேண்டும். இன்னொன்று, நம் கணிதப் பரீட்சைகளில் கணிப்பான் இல்லாமல் வளர்ந்த கை. எஸ்.ஏ.ரி. செயலிக்குள்ளேயே டெஸ்மொஸ் வரைபுக் கணிப்பான் இருக்கிறது. இரு வளையிகள் வெட்டும் புள்ளியைக் கையால் மூன்று நிமிடம் தேடுபவர், அதில் இரண்டு சமன்பாட்டையும் அடித்தால் பத்து வினாடியில் காணலாம். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம்தான் இருக்கிறது.

உயிரியல், வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டிருந்தால் இருபடிச் சார்பு, அடுக்குக்குறி வளர்ச்சி, திரிகோணகணிதம் ஆகியவற்றுக்கு இரண்டு மாதம் ஒதுக்க வேண்டும்.

வாசிப்பும் எழுத்தும் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 25இலிருந்து 150 சொற்களுக்குள் ஒரு சிறு பந்தி. இதில் கால்வாசி இலக்கணமும் நிறுத்தக்குறியும். தமிழ்மூலப் பிள்ளை மிக விரைவாகப் புள்ளி ஏற்றக்கூடிய இடம் அதுதான், ஏனெனில் விதிகள் எண்ணிக்கையில் குறைவு. அடிக்கடி விழும் பிழை, முழுதான இரு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது. தமிழில் நாம் தாராளமாக அப்படி எழுதுவதால் காதுக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் அது பிழை: அரைப்புள்ளி வேண்டும், அல்லது முற்றுப்புள்ளி, அல்லது காற்புள்ளியோடு ஒரு இணைப்புச் சொல். அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, இணைகோடு ஆகிய மூன்றின் விதிகளை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். சொல்வளம் அப்படி வராது. அதற்கு மாதக்கணக்கில் ஆங்கிலக் கட்டுரை வாசிக்க வேண்டும், சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை இருக்கும் காலம் அதற்குத் தோதானது.

பயிற்சிக்குச் செலவு வேண்டியதில்லை. பரீட்சைச் செயலியான புளூபுக்கில் முழுநீள மாதிரிப் பரீட்சைகள் இலவசம், கான் அகடமியும் இலவசம். மாதிரிப் பரீட்சையைக் காலை எட்டு மணிக்கு, தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். இரவு பதினொரு மணிக்கு இடையிடையே தேநீர் குடித்து எழுதிய புள்ளியை நம்ப முடியாது.

பதிவும் பெயரும்

கட்டணம் வெளிநாட்டுக் கட்டணத்தோடு சேர்த்து 110 டொலரை ஒட்டி வரும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்கப்பட்ட வங்கி அட்டை வேண்டும். கட்டண விலக்கு அமெரிக்காவில் படிப்பவர்களுக்கும் வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் குடிமக்களுக்கும்தான். கொழும்பில் பரீட்சை நிலையங்களில் இருக்கைகள் கொஞ்சம்தான், ஆகவே கடைசித் திகதிவரை காத்திருப்பவர் வேறு மாதத்துக்குத் தள்ளப்படுவார். சொந்த லெப்டொப் அல்லது ஐபேட் கொண்டுபோக வேண்டும். அன்ட்ரொயிட் ரப்லெட்டில் புளூபுக் ஓடாது. பரீட்சைக்கு முந்திய ஐந்து நாட்களுக்குள் செயலியில் ஆயத்தத்தை முடித்து அனுமதிச் சீட்டை எடுத்துவிடுங்கள், மின்கலம் நான்கு மணி நேரம் தாங்குமா என்றும் பாருங்கள்.

அடையாளத்துக்குக் கடவுச்சீட்டே பாதுகாப்பு. இல்லாவிட்டால் பத்தரமுல்லைக்குப் போகும் வேலையைப் பதிவுக்கு முன்பே முடியுங்கள், ஏனெனில் பதிவில் கொடுக்கும் பெயர் அதில் உள்ளபடி இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்கள் சிக்குவது இங்கேதான். சிவகுமாரின் மகன் கவின் என்று வைப்போம். பாடசாலைப் பதிவில் "சி. கவின்", பரீட்சைத் திணைக்களத்தில் "சிவகுமார் கவின்", கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் சிவகுமார், ஏனைய பெயர் கவின். பதிவில் முதற்பெயர் கட்டத்தில் சிவகுமார் என்று போட்டுவிட்டால் வாசலில் சிக்கல் வரலாம், விண்ணப்பத்தோடு புள்ளி பொருந்தாமலும் போகலாம். முதற்பெயர் கவின், குடும்பப்பெயர் சிவகுமார் என்று கடவுச்சீட்டு, எஸ்.ஏ.ரி., பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான கொமன் அப் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பாடசாலை ஆவணத்தில் வேறாக இருப்பதை விண்ணப்பத்தின் மேலதிகத் தகவல் பகுதியில் ஒரு வரியில் விளக்கினால் போதும்.

அனுப்புவதா, விடுவதா

விருப்பத்துக்கு விட்ட கல்லூரிகளில்தான் இந்தக் கேள்வி. இடையத்துக்கு மேல் என்றால் யோசிக்காமல் அனுப்புங்கள். முதலாம் காலணைக்கும் இடையத்துக்கும் நடுவில் என்றால் உள்ளூர்ப் பாடத்திட்டப் பிள்ளை அனுப்புவதே நல்லது, மேலே சொன்ன காரணத்தால் அவரிடம் வேறு எண் இல்லை. டார்ட்மவுத் தன் பழைய விண்ணப்பங்களை ஆராய்ந்தபோது, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்து 1400களில் எடுத்த பலர், அனுப்பியிருந்தால் உதவியிருக்கும் புள்ளியை மறைத்துவிட்டது தெரியவந்தது. புள்ளியை வாசிப்பவர் பிள்ளை எங்கே, எந்த வசதியோடு எழுதியது என்பதையும் சேர்த்தே வாசிக்கிறார். அதற்கு உதவ, யாரும் எஸ்.ஏ.ரி. எழுதாத பாடசாலை, தமிழ்மூலக் கல்வி போன்ற விவரங்களைப் பாடசாலைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். முதலாம் காலணைக்குக் கீழ், அதுவும் நல்ல ஏ லெவல் எதிர்பார்ப்புக் கையில் உள்ள சர்வதேசப் பாடசாலைப் பிள்ளை என்றால், விடலாம்.

பல இடங்கள் வெவ்வேறு தடவைகளில் எடுத்த சிறந்த கணிதப் புள்ளியையும் சிறந்த வாசிப்புப் புள்ளியையும் கூட்டிப் பார்க்கும். ஆகவே இரண்டாம் தடவை ஒரு பகுதியில் மட்டும் கவனம் வைப்பது தவறல்ல. அதே பிள்ளை, அதே ஆயத்தம், ஆனாலும் 30, 40 புள்ளி மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்துக்காக மட்டும் நான்காம் தடவை எழுதுவது காசுக்கும் உயர்தரப் படிப்புக்கும் நட்டம். இரண்டு தடவை போதும், மூன்று மிகுதி.

நாட்காட்டி மோதும் இடம்

முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் 1ஐ ஒட்டி, வழமையானது ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி முடியும். நடுவில் உயர்தரப் பரீட்சை. உயர்தர வருடத்திலேயே விண்ணப்பிப்பதானால் எஸ்.ஏ.ரி.யை அந்த வருடம் மே, ஜூனுக்குள் முடித்து, கட்டுரைகளை ஓகஸ்ட்டில் எழுதி, செப்டெம்பருக்குப் பின் பாடப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாதிருக்க வேண்டும். ஒக்டோபரில் எஸ்.ஏ.ரி., நவம்பரில் உயர்தரம் என்று வைத்தால் இரண்டும் கெடும்.

மற்ற வழி, உயர்தரப் பெறுபேறு வந்தபின் விண்ணப்பிப்பது. ஒரு வருடம் வீண் என்று பெற்றோர் பதறுவார்கள். ஆனால் இங்கே அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாலும் விரிவுரை தொடங்கக் காத்திருக்கத்தான் வேண்டும். இந்த வழியில் கையில் இசட் புள்ளி இருக்கும். அமெரிக்கருக்கு 2.1 என்ற எண் ஒன்றும் சொல்லாது, பெறுபேற்றுத் தாளில் உள்ள மாவட்ட நிலையும் அகில இலங்கை நிலையும் சொல்லும். அவற்றை மேலதிகத் தகவலில் எழுதி, அந்தப் பிரிவில் நாடு முழுவதும் எத்தனை பேர் தோற்றினார்கள் என்பதையும் திணைக்களத் தரவிலிருந்து சேர்த்துவிடுங்கள். பட்டியல் போடும்போது சந்தேகம் வந்தால் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவோடு இயங்கும் எடியுகேஷன் யு.எஸ்.ஏ. நிலையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

காத்திருக்கும் அந்த வருடத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் முழுநேரப் பட்டப்படிப்பில் பதிந்துவிடாதீர்கள். பதிந்து படிக்கத் தொடங்கியவரைப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் புதுமுக மாணவராக ஏற்பதில்லை, இடைமாறும் மாணவராகத்தான் விண்ணப்பிக்கச் சொல்லும். அந்த வரிசையில் இடங்களும் உதவிப்பணமும் மிகக் குறைவு. ஆங்கில வகுப்பு, குறுகிய காலக் கணினிப் பாடநெறி, வேலை, இவற்றுக்கெல்லாம் தடையில்லை.